தேதி சொல்லி ஒப்படைத்த பதவி

2024 மே 15, இரவு 8 மணி. இஸ்தானாவில் அதிபர் தர்மன் சண்முகரத்னம் முன்னிலையில் திரு லாரன்ஸ் வோங் சிங்கப்பூரின் நான்காவது பிரதமராகப் பதவியேற்றார். அந்த நிமிடம் வரை அவர் துணைப் பிரதமர். பதவியை விட்ட திரு லீ சியன் லூங்கும் அதே அரங்கில் அமர்ந்திருந்தார். என் வயதுடையவர்களுக்கு அதுதான் நாங்கள் பார்த்த முதல் கைமாற்றம். திரு லீ 2004 ஆகஸ்ட் 12ஆம் தேதி பிரதமரானபோது நாங்கள் பிறந்திருக்கவே இல்லை. தேசிய தின உரையானாலும் சரி, கொவிட் காலத்தில் தொலைக்காட்சியில் ஆற்றிய உரையானாலும் சரி, எங்களுக்குப் பிரதமர் என்றால் அவர்தான்.

1959 முதல் 2024 வரையிலான 65 ஆண்டுகளில் மூன்றே கைமாற்றங்கள். திரு லீ குவான் யூ 31 ஆண்டு, திரு கோ சோக் டோங் 14 ஆண்டு, திரு லீ சியன் லூங் 20 ஆண்டு. மூன்று முறையும் பதவி துணைப் பிரதமருக்கே சென்றது. மூன்று முறையும் நாளிதழ்கள் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தின: சுமுகம்.

எனக்கு அந்தச் சொல்மீது கோபமில்லை. கூச்சலும் குழப்பமும் இல்லாமல் ஆட்சி கைமாறுவது எவ்வளவு பெரிய வரம் என்பது செய்தி பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் ‘சுமுகமாக நடந்தது’ என்று சொன்னவுடன் நாம் பேச்சை முடித்துக்கொள்கிறோம். அது எப்படிச் சுமுகமானது, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்ற கேள்விகள் அந்தச் சொல்லுக்கு அடியில் போய்விடுகின்றன. பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைகளின் தலைமைப் பொறுப்புகள் கைமாறும்போதும் நாம் இதைத்தான் செய்கிறோம். படம் எடுப்போம், கேக் வெட்டுவோம், கலைந்துபோவோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைக்கலாம். துணைப் பிரதமர் என்பவர் இளவரசர் அல்லர். நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று அதிபர் கருதும் ஓர் உறுப்பினரே பிரதமராக நியமிக்கப்படுவார் என்கிறது நம் அரசமைப்புச் சட்டம். துணைப் பிரதமருக்குத்தான் அந்த நாற்காலி என்று எங்கும் இல்லை. இதுவரை 14 பேர் துணைப் பிரதமர்களாக இருந்திருக்கிறார்கள். அவர்களில் மூவர் பிரதமரானார்கள். மூவர் அதிபரானார்கள்: திரு ஓங் டெங் சியோங், திரு டோனி டான், திரு தர்மன். மற்றவர்கள் இரண்டும் ஆகவில்லை. பொருளியலையும் ராணுவத்தையும் கல்வித் துறையையும் கட்டியெழுப்பியவர் என்று நாம் பாடத்தில் படிக்கும் டாக்டர் கோ கெங் சுவீயும் அவர்களில் ஒருவர். யாழ்ப்பாணத்தில் பிறந்த திரு எஸ். ராஜரத்னம் மற்றொருவர்.

ஆக, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அந்த நாற்காலிக்குப் போகவில்லை. போகாதவர்களில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் திரு ஹெங் சுவீ கியட்.

2018 நவம்பரில் மக்கள் செயல் கட்சியின் நான்காம் தலைமுறைத் தலைவர்கள் தங்களுக்குத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 மே மாதம் துணைப் பிரதமரானார். அடுத்த பிரதமர் இவர்தான் என்று நாடே நினைத்திருந்தது. பிறகு கொள்ளைநோய் வந்தது. 2020 பொதுத் தேர்தலில் ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் அவருடைய அணி 53 விழுக்காட்டுச் சொச்சத்தில் வென்றது. 2021 ஏப்ரல் 8ஆம் தேதி அவர் ஒதுங்கிக்கொள்வதாக அறிவித்தார். கொள்ளைநோய் நெருக்கடி முடியும் காலத்தில் தனக்கு வயது அறுபதுகளின் நடுப்பகுதியில் இருக்கும், அதன்பிறகு நாட்டை வழிநடத்தக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது, இளையவர் ஒருவர் வரட்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

தேர்தல் முடிவும் ஒரு காரணமா என்று அப்போது பலர் கேட்டார்கள். அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. நிதி அமைச்சைத் திரு வோங்கிடம் ஒப்படைத்தார். அது நடப்புக்கு வந்த நாள் 2021 மே 15. சரியாக மூன்று ஆண்டு கழித்து, அதே மே 15இல் திரு வோங் பிரதமர். திரு ஹெங் அமைச்சரவையை விட்டுப் போய்விடவில்லை. துணைப் பிரதமராகவே தொடர்ந்து, தனக்கென்று பேசப்பட்ட பதவியில் அமர்ந்தவரின் கீழ் ஓராண்டு வேலை பார்த்து, 2025 தேர்தலின்போது அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார்.

நம் வீடுகளில் இப்படி ஒருவரைப் பற்றி எப்படிப் பேசுவோம்? ‘பாவம், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்போம். நானும் அப்படிப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் ‘என்னால் முடியாது’ என்று துணைவர் சொல்லக்கூடிய இடம் இல்லாத அமைப்பில், முடியாதவரும் தலைவராகிவிடுவார். திரு ஹெங்கின் முடிவால் கட்சி ஓராண்டு தலைவர் வாரிசு இல்லாமல் தவித்தது. எழுபது வயதுக்குள் பதவியை ஒப்படைக்க வேண்டும் என்று திரு லீ நினைத்திருந்த கணக்கும் தப்பியது. இருந்தாலும் அந்த ஓராண்டுத் தவிப்பு மலிவான விலை என்பதே என் கருத்து.

அடுத்த தேர்வு எப்படி நடந்தது? முன்னாள் அமைச்சர் திரு காவ் பூன் வான் 2022 தொடக்கத்தில் 19 பேரைத் தனித்தனியே சந்தித்துக் கருத்துக் கேட்டார். அமைச்சர்கள், நாடாளுமன்ற நாயகர், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளர் ஆகியோர் அவர்கள். பிரதமரையும் மூத்த அமைச்சர்களையும் கேட்கவில்லை. 19இல் 15 பேர் திரு வோங்கின் பெயரைச் சொன்னார்கள். வேறு எவருக்கும் இரண்டு பேருக்கு மேல் ஆதரவில்லை. ஏப்ரல் 14ஆம் தேதி முடிவு அறிவிக்கப்பட்டது. ஜூன் மாதம் துணைப் பிரதமரானார்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பாராட்டுவேன். பதவியில் இருப்பவர் தமக்கு அடுத்தவரைத் தாமே பொறுக்கவில்லை. கூட வேலை செய்யப் போகிறவர்கள் பொறுக்கினார்கள். எண்ணிக்கையையும் வெளியில் சொன்னார்கள். 1980களில் இவ்வளவு மென்மை கிடையாது. திரு கோ சோக் டோங்கை அவருடைய சகாக்கள் தேர்ந்தெடுத்த பிறகும், தம்முடைய முதல் தேர்வு திரு டோனி டான் என்று திரு லீ குவான் யூ 1988இல் ஊரறியச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு ஆண்டு துணைப் பிரதமராக இருந்து, பிறகு 14 ஆண்டு நாட்டை ஆண்ட மனிதரின் பொறுமையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

ஆனால் 19 பேர் என்பது 19 பேர்தான். நான் படிக்கும் ஒரு விரிவுரை வகுப்பில் அதைவிடப் பத்து மடங்குப் பேர் இருக்கிறோம். அந்த 19 பேர் என்ன அளவுகோல் வைத்தார்கள், நான்கு பேர் ஏன் வேறு பெயர் சொன்னார்கள், எந்தக் கொள்கையில் கருத்து வேறுபட்டார்கள் என்பதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. நாடாளுமன்ற முறையில் கட்சிதான் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் என்பது புரிகிறது. பிரிட்டனில்கூடக் கட்சிதான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அங்கே போட்டியாளர்கள் வெளிப்படையாக விவாதிக்கிறார்கள். விவாதம் சண்டையாகி, கட்சி உடைந்துவிடும் என்ற அச்சம் நம் தலைவர்களுக்கு இருக்கலாம். அது வீண் அச்சமும் இல்லை. ஆனாலும் ஒரு துணைவர் தலைவராகும் முன்பே அவர் எதை மாற்றுவார், எதைத் தொடுவதில்லை என்று அவர் வாயால் கேட்க நான் விரும்புகிறேன்.

இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் வீட்டில் பேசப்படும் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டு இதை எழுதினால் நேர்மையாக இருக்காது. என் தாத்தா கேட்பார்: “நம்ம ஆளு ஏன் வரலை?” யாரைச் சொல்கிறார் என்று விளக்க வேண்டியதில்லை. 2011 முதல் 2019 வரை துணைப் பிரதமராக இருந்தவர், நிதித் துறையில் உலகமே மதித்தவர். “அவரே வேண்டாம்னு சொல்லிட்டாரே தாத்தா” என்பேன். உண்மைதான், 2016இல் திரு தர்மன் தாம் அந்தப் பதவிக்கு உரியவர் அல்லர் என்று தெளிவாகவே சொன்னார். தாத்தா அதற்குப் பதில் சொல்ல மாட்டார். காப்பியைக் கலக்கிக்கொண்டிருப்பார்.

2019 மார்ச்சில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கலந்துரையாடலில் திரு ஹெங்கிடம் இதே பொருளில் கேள்வி வந்தது. சீனரல்லாத ஒருவர் பிரதமராவதற்கு மூத்த தலைமுறை சிங்கப்பூரர்கள் இன்னும் தயாராக இல்லை என்று அவர் சொன்னார். இளையர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல என்பதையும் ஒப்புக்கொண்டார். நான்கு ஆண்டு கழித்து, 2023 அதிபர் தேர்தலில் திரு தர்மன் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். அதிபர் பதவி வேறு, பிரதமர் பதவி வேறு என்று சிலர் சொல்வார்கள். சரி. ஆனால் மக்கள் தயாரா என்று கேட்டுக் கேட்டே யாரும் தயாராவதில்லை. ஒருவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, கடினமான வேலைகளைக் கொடுத்து, அவர் செய்வதை மக்கள் ஐந்தாறு ஆண்டு பார்த்தால் தயாராவார்கள். துணைப் பதவியின் மதிப்பே அதுதான் என்று நினைக்கிறேன். 2024 மே 15 இரவு பதவி ஏற்பித்த மேடையில் அதிபர் தர்மனும் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனும் இருந்த காட்சியை உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் தங்கை சாதாரணமாகப் பார்த்தாள். தாத்தா அப்படிப் பார்க்கவில்லை.

கடினமான வேலைகள் என்றேன். திரு வோங்கின் பயிற்சிக் காலத்தைக் கவனித்தால் அது கூட்டங்களில் குறிப்பெடுத்த காலமாகத் தெரியவில்லை. 2020 ஜனவரியில் அமைக்கப்பட்ட அமைச்சுகள்நிலைப் பணிக்குழுவுக்கு அவரும் திரு கான் கிம் யோங்கும் இணைத் தலைவர்கள். நாங்கள் வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டிருந்த அந்த ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கிருமி காட்டுத்தீயாகப் பரவியது. அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களில் நம் மொழி பேசுபவர்கள் ஏராளம். விடுதிகளைப் பற்றிய எச்சரிக்கைகள் ஏன் முன்கூட்டியே கவனிக்கப்படவில்லை என்ற கேள்விகளுக்குச் செய்தியாளர்கள் முன் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நின்றார். அடுத்து நிதி அமைச்சராக, பொருள் சேவை வரியை 7 விழுக்காட்டிலிருந்து 2023இல் 8 ஆகவும், 2024இல் 9 ஆகவும் உயர்த்தும் அறிவிப்பைச் செய்தவரும் அவரே. பிரதமராகப் போகிறவர் எவரும் தன் பெயரோடு ஒரு வரி உயர்வு ஒட்டிக்கொள்வதை விரும்ப மாட்டார். அந்தச் சுமையை முன்னவர் அவர் தலையில் வைத்தாரா, அவரே ஏற்றுக்கொண்டாரா தெரியாது. எப்படியிருந்தாலும், கைதட்டல் கிடைக்கும் வேலைகளை மட்டும் கொடுத்து யாரையும் தலைவராக்க முடியாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். மலேசியாவில் துங்கு அப்துல் ரஹ்மானிடமிருந்து துன் ரசாக், அவரிடமிருந்து ஹூசேன் ஓன், பிறகு மகாதீர், பிறகு அப்துல்லா படாவி, பிறகு நஜிப் என்று 1970 முதல் 2009 வரை ஐந்து முறை தொடர்ந்து துணைப் பிரதமரே பிரதமரானார். பார்த்தால் எங்களைவிட ஒழுங்கான வரிசை. ஆனால் மகாதீரின் 22 ஆண்டுகளில் மட்டும் நான்கு துணைப் பிரதமர்கள். மூசா ஹீத்தாம் விலகினார், கபார் பாபா கட்சித் தேர்தலில் ஓரங்கட்டப்பட்டார், அன்வார் இப்ராகிம் 1998 செப்டம்பரில் நீக்கப்பட்டார். நான்காமவர்தான் அப்துல்லா.

அந்த நான்காவது கைமாற்றம் சொன்ன தேதியில், 2003 அக்டோபர் 31 அன்று நடந்தது. மகாதீர் அமைச்சரவையிலும் தங்கவில்லை. ஆனாலும் 2006இல் ஜோகூர் பாலத்துக்குப் பதிலாகக் கட்டவிருந்த வளைந்த பாலத்தைப் புதிய அரசு கைவிட்டதிலிருந்து அவருடைய தாக்குதல் ஓயவில்லை. 2008இல் கட்சியை விட்டே வெளியேறினார். அடுத்த ஆண்டு அப்துல்லா பதவியை நஜிப்பிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

2018இல் மீண்டும் பிரதமரான மகாதீர், பதவியை அன்வாரிடம் ஒப்படைப்பதாகக் கூட்டணியில் ஒப்பந்தம். துணைப் பிரதமர் நாற்காலியில் இருந்தவரோ அன்வாரின் மனைவி டாக்டர் வான் அசிசா. வாரிசு ஒருவர், துணைவர் ஒருவர், ஒப்படைக்கும் தேதி மட்டும் எழுதப்படவில்லை. தேதி எப்போது என்ற கேள்வியே ஒரு முழுநேர அரசியலாகிவிட்டது. 2020 பிப்ரவரி 24 அன்று மகாதீர் விலகினார், ஆட்சி கவிழ்ந்தது, மார்ச் 1ஆம் தேதி மூன்றாமவர் ஒருவர் பிரதமரானார். அன்வார் பிரதமராக 2022 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரு லீ 2023 நவம்பரில், கட்சியின் 70ஆம் ஆண்டு நிறைவுக்குள், அதாவது அடுத்த நவம்பருக்குள் ஒப்படைப்பேன் என்றார். 2024 ஏப்ரல் 15இல் மே 15 என்று நாளைக் குறித்தார். ஒரு மாதம்தான். யாருக்கும் வதந்தி பரப்ப நேரமில்லை.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பதவியை விட்டவர் அறையை விட்டுப் போவதில்லை. திரு லீ குவான் யூ 1990இல் ஒப்படைத்த பிறகு மூத்த அமைச்சராகவும் மதியுரை அமைச்சராகவும் 2011 வரை அமைச்சரவையில் இருந்தார். 21 ஆண்டு. கட்சியின் தலைமைச் செயலாளர் பொறுப்பையும் 1992இல்தான் விட்டார். திரு லீ சியன் லூங் அந்தப் பொறுப்பை 2024 டிசம்பரில் ஒப்படைத்தார். இப்போது மூத்த அமைச்சர். அனுபவம் வீணாகக்கூடாது, வெளிநாட்டுத் தலைவர்களுடன் உள்ள உறவு தொடர வேண்டும் என்ற வாதங்கள் வலுவானவை. வெளியே போன மகாதீர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால், உள்ளே இருப்பதே மேல் என்றும் சொல்லலாம்.

ஆனால் சின்ன அளவில் இதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் அமைப்பில் பழைய தலைவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தங்கிவிட்டார். உறுப்பினர் யாராவது ஏதாவது கேட்டால் புதிய தலைவி தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே அவருடைய பதில் வந்துவிடும். நல்ல பதில்தான், சரியான பதில்தான். மூன்றே வாரத்தில் எல்லாரும் நேராக அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள். சாப்பாடு கொண்டுவருபவர்கூட அவருக்குத்தான் போன் செய்தார். அவர் கெட்டவர் இல்லை. குழுவை விட்டு வெளியேறும் பொத்தானை அழுத்த மனம் வரவில்லை, அவ்வளவுதான். அமைச்சரவையில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்கிறதா இல்லையா என்று வெளியில் இருந்து தெரிந்துகொள்ள வழியில்லை என்பதே என் சங்கடம். புதியவர் பழையவரோடு முரண்பட்ட ஒரு முடிவையாவது நாம் பார்த்தால் அந்தச் சங்கடம் தீரும்.

மக்களின் தீர்ப்பு கைமாற்றத்துக்குப் பிறகுதான் வந்தது. 2025 மே 3ஆம் தேதித் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 65.57 விழுக்காடு பெற்றது. 2020இல் கிடைத்தது 61.24. திரு கோ சோக் டோங் 1991இல் தமக்கென்று மக்கள் ஆதரவைக் கேட்டுத் தேர்தல் வைத்தபோது நான்கு இடங்களை இழந்தார். அதோடு ஒப்பிட்டால் திரு வோங்குக்குக் கிடைத்தது பெரிய வரவேற்பு. என்னால் அதில் பங்கெடுக்க முடியவில்லை. இங்கே வாக்களிக்க 21 வயதாக வேண்டும். ஜோகூரில் இருக்கும் என் மாமா மகளுக்கு 18 வயதிலேயே வாக்குரிமை வந்துவிட்டது. அதை அவள் எனக்கு அடிக்கடி நினைவுபடுத்துவாள்.

எனக்கு வாக்குச் சீட்டு கிடைக்கும்போது கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இப்போதைய துணைப் பிரதமர் திரு கான் கிம் யோங் 1959இல் பிறந்தவர். பிரதமர் 1972இல் பிறந்தவர். துணைவர் தலைவரைவிட 13 வயது மூத்தவர் என்பதால், அடுத்த கைமாற்றத்துக்கான நாற்காலி அதுவல்ல. 2025 தேர்தலுக்குப் பின் அமைந்த அமைச்சரவையில் ஒருங்கிணைப்பு அமைச்சர்கள் மூவர் இருக்கிறார்கள். அவர்களும் பிரதமரின் வயதை ஒட்டியவர்கள், அல்லது மூத்தவர்கள். எனவே ஐந்தாவது பிரதமர் இன்னும் அந்த வரிசைக்கே வராதவராக இருக்கலாம். ஒருவேளை 2025இல் முதல்முறை நாடாளுமன்றத்துக்குள் போனவராக இருக்கலாம், அல்லது இப்போது எங்கோ ஒரு பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அவரை அடையாளம் காணும்போது 19 பேரைத் தாண்டி இன்னும் எத்தனை பேரைக் கேட்பார்கள்?